லைற்றை நூர்த்தது யார்

முதல் தரம் லைற் நூர்ந்தபோது காரைத் திட்டினேன். இரண்டாம் தரம் பற்றறி விற்றவனைத் திட்டினேன். மூன்றாம் தரம், பூநகரி றோட்டில் படுத்திருந்த ஒரு நாம்பன் மாட்டுக்கு முன்னால் ஒரு முழம் விட்டுக் கார் நின்றபோது, செத்துப்போன அத்தானைத் திட்டினேன். அத்தானின் மனைவியான என் அக்கா பின் சீற்றில் இருக்கிறார் என்பது திட்டி முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. லைற் நூர்ந்த கணத்தில் அவர் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தது கேட்டது. பிள்ளையாரைக் கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

நாம்பன் ஆறுதலாக எழும்பி, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, றோட்டின் மற்றப் பக்கம் போய்ப் படுத்தது. நான் இறங்கி, பொனற்றைத் திறந்து, கருகிய பியூஸைக் கழற்றி, சேட்டுப் பையில் வைத்திருந்த புதியதைப் போட்டேன். லைற் ஒன்றும் நடவாதது போல எரிந்தது. எனக்கு அதுதான் பெரிய எரிச்சல். பிழை என்றால் பிழையாக நிற்க வேண்டும். வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஓடி ஒளிக்கிற பிழையோடு மனிதன் என்ன செய்வது?

நூர்தல் என்ற சொல்லை இங்கேயே விளக்கிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் விளக்கு அணைவதில்லை, நூரும். லைற்றை நாங்கள் அணைப்பதில்லை, நூர்ப்போம். எழுதும்போது நூர்ந்தது, நூர்த்தேன் என்று எழுதலாம். வாயில் வரும்போது நூந்தது, நூத்தன் என்று ஆகிவிடும். வவுனியாவில் நான் வானொலி திருத்தும் கடை வைத்திருந்த காலத்தில், கொழும்பிலிருந்து வந்த ஒருவர் இந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு நான் எதையோ நூற்கச் சொல்கிறேன் என்று நினைத்து முழித்தார். அவரிடம் நூலும் இல்லை, என்னிடம் பொறுமையும் இல்லை.

கார் அத்தானுடையது. பழைய ஏ-40, பச்சை நிறம். ஒரு காலத்தில் எங்கள் ஊரான ஜெயபுரத்திலிருந்து பூநகரி வரைக்கும் வாடகைக்கு ஓடிய ஒரே கார் அதுதான். பெற்றோல் கிடைக்காத சண்டைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியது. கடைசி இடம்பெயர்வில் விட்டுவிட்டுப் போன இந்தக் காரை, அத்தான் பிறகு ஒரு வளவில் குவித்துக் கிடந்த வாகனங்களுக்குள் தேடிக் கண்டுபிடித்து, ஓடவைத்தார். கண்ணாடி கூட இல்லாமல் கிடந்ததாம். அந்த வருடங்களில் நான் இராணுவத் தடைமுகாமுக்கு அந்தப் பக்கம் வவுனியாவில் இருந்தேன். அக்காவும் அத்தானும் இந்தக் காரில் என்ன பட்டார்கள் என்பது எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அத்தான் கதைக்கிற ஆள் இல்லை. அக்கா கதைக்கிற ஆள், ஆனால் அதைப் பற்றி அல்ல.

அத்தான் மாரடைப்பில் போன பிறகு நான் கடையை மூடிவிட்டு அக்காவோடு வந்து இருந்தேன். எனக்குக் குடும்பம் இல்லை, அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இருவரும் ஆளுக்கொரு மூலையில் சண்டைபிடித்துக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருந்தோம். போன வருடம் மழைக்குச் சற்று முன்னர் அக்காவின் சிறுநீரகம் கைவிட்டது. கிழமையில் இரண்டு நாள் யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். அவருக்குக் கிடைத்தது பின்னேர முறை. கட்டிலை விட்டு இறங்கும்போது பொழுதுபட்டுவிடும், எங்கள் பக்கம் வருகிற கடைசி பஸ்ஸும் போயிருக்கும். ஓட்டோவில் வந்தால் முதுகு தாங்காது. வான் ஒன்று பிடித்துப் பார்த்தோம், அந்தக் குளிரும் வாசமும் ஒத்துக்கொள்ளாமல் வழி முழுக்கச் சத்தியெடுத்தார். இந்தக் காரின் பின் சீற் மட்டும்தான் அவருக்குச் சரிவந்தது. சாய்ந்து இருந்துகொண்டு, கண்ணாடியை இறக்கிவிட்டு, சங்குப்பிட்டிப் பாலத்துக் காற்றுப் படும்போது நித்திரையாகிவிடுவார்.

ஆகவே கார் ஓட வேண்டும். இருட்டில் ஓட வேண்டும். லைற் எரிய வேண்டும்.

நாம்பனிடம் தப்பி வந்த அந்தப் பொழுது, அக்கா குசினியில் கதிரையில் இருந்து கஞ்சியை ஆற்றிக்கொண்டு சொன்னார்.

"தம்பி, இனி யாழ்ப்பாணம் போற வேலை வேண்டாம்."

"ஏன்?"

"அத்தான் நூக்கிறார்."

"எதை நூக்கிறார்?"

"லைற்றைத்தான். இருந்தது காணும், என்னட்டை வாரும் எண்டு சொல்லுறார். உயிரோட இருக்கேக்கை அந்த மனிசன் எதை வாயைத் திறந்து சொன்னது? இப்பிடித்தான், தன்ர பாட்டில ஒண்டைச் செய்துபோட்டு நிக்கும். நாங்கள்தான் விளங்கிக்கொள்ளோணும்."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "செத்த மனிசனுக்கு பியூஸ் எரிக்கிறதோ வேலை? ரெண்டு முறை போகாமல் விட்டால் என்ன நடக்கும் எண்டு தெரியுமோ உங்களுக்கு?"

"தெரியும்," என்றார் அக்கா. கஞ்சியில் உப்புக் காணாது என்று சொல்கிற குரல்தான்.

அந்தக் குரல்தான் என்னைப் பயப்படுத்தியது. அழுதிருந்தால் ஆறுதல் சொல்லியிருப்பேன். பயந்திருந்தால் தைரியம் சொல்லியிருப்பேன். அவர் கணக்கை முடித்துவிட்டு எழும்புகிற ஆள் மாதிரி இருந்தார். கொஞ்ச நாளாகவே அவருக்கு அந்த ஊசியும் அந்தக் கட்டிலும் அலுத்துவிட்டது எனக்குத் தெரியும். விடுவதற்கு ஒரு நியாயம் தேடிக்கொண்டிருந்தார். லைற் தானாக வந்து அதைக் கொடுத்துவிட்டது.

"அது அத்தான் இல்லை, வயர் எண்டு நான் காட்டினால் வருவீங்களோ?" என்று கேட்டேன்.

அக்கா கரண்டியைக் கஞ்சிக்குள் வைத்தார். "காட்டு பாப்பம்," என்றார். "காட்டினியெண்டால் வாறன். காட்டாட்டி என்னைக் கரைச்சல்படுத்தக்கூடாது."

அடுத்த முறைக்கு இடையில் இருந்தது சில நாட்கள்தான்.

முதலில் காரைக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோய், வாகன வயரிங் பார்க்கிற ஒருவரிடம் காட்டினேன். பொனற்றுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். வெளியே எடுத்தபோது முகத்தில் ஒரு துக்கம் இருந்தது.

"ஐயா, உது வயரிங் இல்லை, பறவைக்கூடு. எல்லாத்தையும் உரிச்சுப்போட்டுப் புதுசாப் போடுறதுதான் வழி. விட்டிட்டுப் போங்கோ, மூண்டு கிழமையில தாறன்."

அவர் சொன்னது சரி. நானும் அவருடைய இடத்தில் இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் மூன்று கிழமை காரை விட்டால், அக்கா அதற்குள் தன் முடிவை நடத்தி முடித்துவிடுவார். காரைத் திருப்பிக்கொண்டு வந்தேன்.

வானொலி திருத்துகிறவனுக்குக் கார் புதிது என்றாலும் கரண்ட் புதிதில்லை. கரண்ட் போக வேண்டிய வழி பல்புக்குள்ளால். அதை விட்டு, தோல் போன வயர் ஒன்று காரின் இரும்பில் முட்டிக் குறுக்கே இறங்கினால் அதுதான் சோட். சோட் வந்தால் பியூஸ் எரியும். இந்தக் காரில் முன் லைற், பின் லைற் எல்லாவற்றுக்கும் சேர்த்து அத்தான் ஒரே பியூஸ் போட்டிருந்தார். அது போனால் எல்லாம் போகும்.

பியூஸைப் போட்டுப் போட்டு எரிப்பதில் பயனில்லை. காரின் எல்லாப் பல்புகளையும் கழற்றினேன். பியூஸ் இருந்த இடத்தில் ஒரு சின்னப் பல்பைத் தொடுத்து, அதை முன் கண்ணாடியில் தொங்கவிட்டேன். இப்போது கரண்ட் போக நேர்வழி ஒன்றும் இல்லை. லைற் சுவிச்சைப் போட்டாலும் எல்லாம் இருட்டாகத்தான் இருக்கும். எங்காவது ஒரு வயர் இரும்பில் முட்டினால் மட்டும் தொங்குகிற பல்பு எரியும். கள்ளன் வந்தால் குரைக்கிற நாயைக் கட்டிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாய் குரைக்கவே இல்லை. மட்கார்ட்டை மரச்சுத்தியலால் தட்டினேன். வயர்களைப் பிடித்து உலுப்பினேன். கதவுகளை அடித்துச் சாத்தினேன். போனில் இந்தக் காரின் வயரிங் படத்தைத் தேடி எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். படத்தில் இல்லாத வயர்கள் ஒரு கட்டு இருந்தது. எல்லாம் அத்தானின் கைவேலை. ஒன்று முன்னொரு காலத்தில் இருந்த காற்றாடிக்குப் போனது. ஒன்று எங்கும் போகாமல் பாதியில் நின்றது. மிச்சம் கறுப்பு ஒட்டு ரேப் சுற்றி, கதவுப் படிக்குள்ளால் எங்கோ போய் மறைந்தது. அத்தான் உயிரோடு இருந்திருந்தால் கேட்டிருக்கலாம், அவரும் "அது சும்மா" என்று சொல்லியிருப்பார்.

மழைதான் காரணமோ என்று யோசித்தால், அதுவும் பொருந்தவில்லை. மாரி முழுக்க வெள்ளத்துக்குள்ளால் ஓடினேன், ஒருநாள் கூட நூரவில்லை. மழை விட்டு, வயல்கள் காய்ந்து, அறுவடை தொடங்கிய பிறகுதான் இந்த வருத்தம் வந்தது. ஈரத்தில் சுகமாக இருந்து வெயிலில் வருத்தம் பிடிக்கிற வயரை நான் என் தொழிலில் கண்டதில்லை.

பக்கத்து வளவில் உழவு மெசின் வைத்திருக்கிற ஒருவர் இருக்கிறார். என்னைவிடக் கொஞ்சம் இளையவர், சிரிக்காமல் பகிடி விடுகிறவர். அவரைக் காரை ஓட்டச் சொல்லிவிட்டு நான் பல்பைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். குளக்கட்டுப் பாதையில், குன்றும் குழியுமாகப் போனோம். பல்பு எரியவில்லை. பின் சீற்றில் பாரம் இருந்தால்தான் முட்டுகிறதோ என்று இரண்டு நெல்மூட்டையை ஏற்றிக்கொண்டு போனோம். எரியவில்லை. மூட்டையை இறக்கிவிட்டு நான் பின்னுக்கு ஏறி இருந்து, துள்ளித் துள்ளிப் பார்த்தேன். என் இடுப்பும் நாரியும்தான் நொந்தது.

"அண்ணை," என்றார் அவர், "நீங்கள் இருந்தால் நூரேல்லை, நெல்லு இருந்தால் நூரேல்லை. காருக்கு அக்காவோடதான் ஏதோ கோவம் போலை."

பகிடிக்குச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அக்கா சொன்னதையேதான் இவரும் வேறு விதமாகச் சொன்னார். மூன்று தரமும் அக்கா பின் சீற்றில் இருந்தார். அக்கா இல்லாமல் நான் தனியாகப் பூநகரிச் சந்தைக்கு எத்தனையோ தரம் இருட்டில் போய்வந்திருக்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை. நான் பேய் பிசாசு நம்புகிறவன் இல்லை. ஆனாலும் அந்தப் பின்னேரம் காரைச் சுற்றிச் சுற்றி நடந்தபோது, அத்தான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு எங்கோ ஓரமாக நின்று என்னைப் பார்க்கிறார் என்று ஒரு நினைப்பு வந்தது. அவரையும் ஒரு சொல் திட்டிவிட்டு, அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, வந்து காரில இருங்கோ."

"எங்கை போறம்?"

"ஒரு இடமும் இல்லை. சும்மா இருங்கோ."

பேசிக்கொண்டுதான் வந்தார். தேத்தண்ணிக் கோப்பையையும் கையில் கொண்டுவந்து, வழக்கமான இடத்தில், பின் சீற்றில் இடது கதவோடு இருந்தார். அந்த இடத்தை விட்டு வேறு இடத்தில் அவர் இருந்து நான் கண்டதில்லை. நான் பல்பை வயரோடு இழுத்து முன் சீற்றின் முதுகில் தொங்கவிட்டு, பின்பக்கம் பார்த்துத் திரும்பி, சீற்றில் முழங்காலில் நின்றேன். லைற் சுவிச்சைப் போட்டேன். கார் இருட்டாக இருந்தது, பல்பும் இருட்டாக இருந்தது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது.

"கோயிலில மன்றாடுற மாதிரி நிக்கிறாய்," என்றார் அக்கா.

"துள்ளுங்கோ பாப்பம்."

"உனக்கென்ன விசரே? அறுபத்தைஞ்சு வயசில நான் துள்ளுறதோ?"

துள்ளவில்லை. சும்மா இருந்தார். சும்மா இருக்கச் சொல்லித்தான் நானும் கூப்பிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அக்கா சீற் உறையைத் தடவிக்கொண்டு அது எப்படித் தைத்தது என்ற கதையைத் தொடங்கினார். பழைய யன்னல் சீலையில் தைத்த உறை, கீழே கால் மறைக்கிற அளவுக்குச் சுருக்கு வைத்துத் தொங்கும். துணி போதாமல் போய், தையல்காரியிடம் மிச்சத் துணிக்கு அலைந்த இடத்தில் கதை நின்றபோது, பனைகளுக்கு அந்தப் பக்கத்து வயலில் நெல் வெட்டுகிற மெசின் வேலை தொடங்கியது. தூரத்தில்தான். ஒரே சுருதியில் ஒரு இரைச்சல்.

அக்காவின் கதை பாதியில் நின்றது. தலை யன்னல் பக்கம் திரும்பி, நாடி கொஞ்சம் மேலே எழும்பியது. இடது கை மடியை விட்டு இறங்கி, சீற் உறையின் சுருக்குக்குள் போனது. அவர் அந்தக் கையைப் பார்க்கவே இல்லை.

தொங்குகிற பல்பு எரிந்தது.

"நூத்தாச்சு," என்றார் அக்கா, வாய்க்குள்.

கை திரும்ப மடிக்கு வந்தது. பல்பு நூர்ந்தது. அக்கா ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டு, "அப்ப அந்தத் தையல்காரி என்ன சொன்னாள் எண்டால்" என்று விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தார்.

நான் இறங்கிப் போய், இடது கதவைத் திறந்து, குனிந்து, உறையைத் தூக்கிப் பார்த்தேன். சீற்றின் முன் விளிம்புக்குக் கீழே, பலகையில், ஒரு வட்டமான கறுப்புச் சுவிச். பழைய வீடுகளில் சுவரில் இருக்கிற சுவிச். பின்னால் இரண்டு வயர், அந்த மறைந்துபோன கட்டு வயர்கள் இங்கேதான் வந்து சேர்ந்திருந்தன.

"இது என்ன அக்கா?"

அவர் கோப்பையைப் பிடித்தபடி மெல்லக் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வண்டுச் சுவிச்," என்றார்.

வண்டு என்றால் சண்டைக் காலத்தில் மேலே சுற்றி வேவு பார்த்த ஆளில்லா விமானம். விடாமல் இரைந்துகொண்டு நிற்பதால் சனம் வைத்த பெயர் அது. வண்டு வந்து பார்த்துவிட்டுப் போனால், அடுத்து என்ன வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அது எனக்கும் தெரிந்ததுதான். சுவிச் தெரியாது.

"அத்தான் வருத்தக்காரரை ஏத்திக்கொண்டு போகேக்கை நானும் போறனான் எல்லோ," என்றார் அக்கா. "பொழுதுபட்டால்தான் கூப்பிடுவினம். பிள்ளைப்பேறு, பாம்பு கடிச்சது, அப்பிடி. மண்ணெண்ணெயில ஓடுற கார், அந்தச் சத்தத்துக்குள்ளை அவருக்கு வண்டு கேக்காது. நான் இஞ்சை இருந்து தலையை வெளியில விட்டுக் கேப்பன். முதல் முதல் 'நூருங்கோ, நூருங்கோ' எண்டு கத்திறனான், அவருக்கு அதுவும் கேக்காது. பிறகுதான் சுவிச்சை என்ர கையடியில கொண்டந்து போட்டார். நீர் காது, நான் கண் எண்டார். நான் அமத்தினால் எல்லா லைற்றும் நூந்திடும். அமத்திப்போட்டு, நூத்தாச்சு எண்டு சொல்லோணும். இல்லாட்டி அவர் வயர் கழண்டுபோச்சு எண்டு நினைச்சு நிப்பாட்டிப்போடுவார்."

"பிறகு?"

"பிறகு நிலாவெளிச்சத்தில ஓடுவார். நிலா இல்லாட்டி, என்னண்டு ஓடினார் எண்டு எனக்குத் தெரியாது."

சண்டை முடிந்த பிறகு சுவிச் தேவையில்லாமல் போக, அத்தான் அதன் முதுகில் இருந்த இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கி, ரேப் சுற்றிவிட்டிருக்கிறார். லைற்றுக்கும் சுவிச்சுக்கும் அதோடு தொடர்பு அறுந்தது. ஆனால் சுவிச்சைக் கழற்றவில்லை. காலப்போக்கில் ரேப் காய்ந்து உரிந்துவிட்டது. சுவிச்சை அமத்தினால் பலகை கொஞ்சம் வளைந்து, அந்த முறுக்கு சீற்றின் இரும்பில் முட்டும். கையை எடுத்தால் விலகிவிடும். இவ்வளவுதான். மாரியில் நூராமல் அறுவடையில் நூர்ந்ததற்கும் காரணம் இதுதான், மாரியில் நெல் வெட்டுகிற மெசினும் ஓடாது, அக்காவின் கைக்கு வண்டும் கேட்காது.

"அக்கா," என்றேன், "இப்ப நீங்கள்தான் அமத்தினீங்கள்."

"நானோ? நான் ஒண்டையும் தொடேல்லை. உனக்குத் தையல்காரியின்ர கதையெல்லோ சொல்லிக்கொண்டிருந்தனான்."

பனைகளுக்கு அப்பால் மெசின் வரம்பு மாறித் திரும்பியது போல. நின்றிருந்த இரைச்சல் மறுபடி எழும்பியது. அக்காவின் கை அசைந்தது. இந்த முறை அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை தன் பாட்டில் இறங்கி உறைக்குள் போகப் பார்க்க, கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டு, வலது கையால் அதை எட்டிப் பிடித்தார். பிடித்து மடியில் வைத்துக்கொண்டு, அது வேறு யாருடையதோ கை மாதிரி பார்த்தார்.

"அப்ப அவரில்லை," என்றார்.

நான் வென்றுவிட்டேன். காட்டச் சொன்னார், காட்டிவிட்டேன். அந்த நேரத்தில் எனக்கு அழுகை வந்தது. அத்தான் இல்லை என்று நிரூபிக்க இத்தனை நாள் பாடுபட்டவன், அத்தான் இல்லை என்பது அக்காவுக்கு எப்படிக் கேட்கும் என்று ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. அவர் இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு, வீட்டுக்குள் போய்விட்டார். யாழ்ப்பாணம் வருவதாகவும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. நானும் கேட்கப் பயந்து கேட்கவில்லை.

மறுநாள் காலை வேலையைத் தொடங்கினேன். அத்தானின் முறுக்கை அவிழ்த்தபோது, அதன் இறுக்கத்தைப் பார்த்து, அந்த மனிதனைத் திட்டியதையெல்லாம் மனதுக்குள் திரும்ப எடுத்துக்கொண்டேன். லைற் வயரைப் பின்னுக்கு வராமல் முன்னாலேயே ஈயம் வைத்து ஒட்டி, உறை போட்டு மூடினேன். இனி அந்த வழியில் பியூஸ் போகாது. சுவிச் மட்டும் மிச்சம். ஸ்குரூ டிரைவரைக் கையில் வைத்துக்கொண்டு குசினிக்குப் போனேன். அக்கா முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தார்.

"சுவிச்சைக் கழட்டட்டோ?"

அவர் இலையை உருவுவதை நிறுத்தவில்லை. "கழட்டினால் கை எங்கை போறது?"

திரும்பி வந்து, காருக்குள் ஏறி இருந்தேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி. அந்தக் கை இத்தனை வருடமாகத் தன் வேலையைச் செய்கிறது. வேலையை விடச் சொல்லி அதற்கு யாரும் சொல்லவில்லை. என் பெட்டிக்குள் ஒரு பழைய வானொலியின் சின்னப் பல்பு கிடந்தது, நிலையத்தின் எண்ணைக் காட்டுகிற கண்ணாடிக்குப் பின்னால் எரிகிற பல்பு. அதை டாஷ்போர்டில், என் கண்ணுக்கு நேரே பொருத்தினேன். அத்தான் இழுத்த அதே வயர்களால் அதைச் சுவிச்சோடு தொடுத்தேன். இப்போது அக்கா சுவிச்சை அமத்தினால் ஒன்றும் நூராது. எனக்கு முன்னால் அந்தப் பல்பு மட்டும் எரியும். இருந்து பார்த்தேன், வேலை செய்தது. அவரிடம் சொல்லிவிட்டேன். "ம்" என்றார்.

ஆஸ்பத்திரி நாள் மத்தியானம் காரை முற்றத்தில் திருப்பி நிறுத்திவிட்டு, கண்ணாடி துடைக்கிற சாட்டில் காத்திருந்தேன். துடைத்த கண்ணாடியையே திரும்பத் திரும்பத் துடைத்தேன். அக்கா கதவைப் பூட்டுகிற சத்தம் கேட்டது. துவாயும் தண்ணிப் போத்தலும் வைத்த பையோடு வந்து, வழக்கமான இடத்தில் ஏறி இருந்தார்.

"என்ன பாக்கிறாய்? எடு காரை," என்றார். "அவர் கூப்பிடேல்லை எண்டால் நான் ஏன் அவரிட்டைப் போக அந்தரப்படுவான்?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, வேறொன்றும் வந்தது. காரை எடுத்தேன்.

திரும்பி வரும்போது நன்றாக இருட்டிவிட்டது. சங்குப்பிட்டிப் பாலத்தில் காற்று வீசியது. அக்கா வழக்கம் போலக் கண்ணயர்ந்தார். பூநகரி தாண்டி வயல்வெளி வந்தபோது, றோட்டோரமாகவே ஒரு மெசின் வெளிச்சம் போட்டுக்கொண்டு நெல் வெட்டியது. எனக்கு முன்னால் சின்னப் பல்பு எரிந்தது. முன் லைற் இரண்டும் அசையாமல் றோட்டைப் பிடித்துக்கொண்டிருந்தன. நாம்பன் படுக்கிற இடத்தில் நாம்பன் படுத்திருந்தது, தூரத்திலேயே தெரிந்தது.

"நெல்லு வெட்டிற மெசின் அக்கா," என்றேன் திரும்பாமல்.

"ஓம்," என்றது பின் சீற். பல்பு நூர்ந்தது.

வயல்கள் முடிந்து காடு தொடங்கியது. அந்தத் துண்டில் வீடும் இல்லை, வெளிச்சமும் இல்லை, மெசினும் இல்லை. கொஞ்சத் தூரம் போயிருப்போம், பல்பு மறுபடி எரிந்தது. நான் காரை மெதுவாக்கி, கண்ணாடியை இறக்கி, காதைக் கொடுத்தேன். எங்கள் காரின் சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

"என்ன அக்கா? என்ன கேக்குது?"

"ஒண்டும் கேக்கேல்லை. எரியுதோ எண்டு பாத்தனான்."

"எரியுது," என்றேன்.

ஜெயபுரம் சந்தி வரும்வரை அந்தப் பல்பு நூரவில்லை.